உபவேந்தர் தெரிவும் முதற்பட்டக் கல்வியும்: ஒலுவிலை முன்வைத்து ஒரு நோக்கு

அரசன் தன் வினைக்குரியாரைத் தேர்ந்துகொள்ளும் முறைமையைத் திருவள்ளுவர் பொருட்பாலில் இரண்டு அதிகாரங்களாக வகுத்துரைத்தார். ஐம்பத்தோராம் அதிகாரமாகிய தெரிந்து தெளிதல், ஒருவனுடைய குணமுங் குற்றமும் ஆராய்ந்து அவனைத் தேறும் வகையைக் கூறுவது. அதனையடுத்து நிற்கும் தெரிந்து வினையாடல், அங்ஙனந் தேறப்பட்டவன் எவ்வினைக்கு உரியன் என ஆராய்ந்து, அவ்வினையில் அவனை ஆளும் வகையைக் கூறுவது. இவ்விரண்டினையும் ஓரதிகாரத்துள் அடக்காது வேறு வேறாக வைத்தமை காரணமின்றி நிகழ்ந்ததன்று. நல்லான் ஒருவனைக் கண்டறிதல் ஒரு தொழில். அவன் இன்ன வினைக்கு நல்லான் எனக் கண்டறிதல் பிறிதொரு தொழில். முன்னதை முடித்தோர் பின்னதும் முடிந்துவிட்டதாகக் கருதுவராயின், நல்லாரைக் கொண்டே வினை கெடுதலுங் கூடும்.

இலங்கையின் பல்கலைக்கழகங்களுக்கு உபவேந்தரைத் தெரிவு செய்யும் முறை, இவ்விரண்டு அதிகாரங்களுள் முதலாவதோடு நின்றுவிடுகின்றது. யார் என்னும் வினாவுக்கு விடை காணச் சட்டமும் சபைகளும் பெரிதும் முயல்கின்றன. எதற்காக என்னும் வினாவோ எழுப்பப்படாமலே கிடக்கின்றது. பல்கலைக்கழகமொன்றில் அடியெடுத்து வைக்கும் மாணாக்கருட் பெரும்பாலார் நாடி வருவது முதற்பட்டத்தையே. அப்பட்டத்திற்குரிய கல்வி நன்கு நடைபெறுதலே தலைவரது முதல் வினையென்பது தெரிவின்போது எடுத்துரைக்கப்படுவதில்லை. இக்குறை நாடெங்கும் உளதாயினும், கல்முனைக் கரையின் மக்களுக்கு உரித்தாய் எழுந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை முன்வைத்து நோக்கும்போது அதன் கடுமை தெளிவாகப் புலப்படும்.

முதற்கண் சட்டத்தை நோக்குதல் தகும். இன்று நடைமுறையிலிருப்பது 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம். அதன்படி பல்கலைக்கழகப் பேரவை மூவர் பெயரை விதந்துரைக்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அம்மூவரிலிருந்து தன் விதப்புரையை வழங்கும். நாட்டின் ஜனாதிபதி மூன்றாண்டுக் காலத்திற்கு உபவேந்தரை நியமிப்பார். அங்ஙனம் நியமிக்கப்படுபவர் முதன்மை நிர்வாக அலுவலராகவும் முதன்மைக் கல்வி அலுவலராகவும் விளங்குவார். பேரவைக்கும் மூதவைக்கும் அவரே தலைவர். அவ்விரு சபைகளின் முடிபுகளை நிறைவேற்றுதலும் பல்கலைக்கழகத்துள் ஒழுக்கம் பேணுதலும் அவர் கடன். இவ்வாசகங்களை ஊன்றிப் படிப்போர் ஒன்றை உணர்வர். நிர்வாகத்தின் எல்லையும் ஒழுக்கத்தின் எல்லையும் ஒருவாறு வரையறுக்கப்பட்டுள்ளன. கல்வி அலுவலர் என்ற தொடரோ பரந்தது. அதனுள் ஆராய்ச்சி, மேற்பட்டம், முதற்பட்டம், வெளிவாரிப் பட்டம் யாவும் அடங்கும். எல்லாம் அடங்குமிடத்து எளியது மறைந்துபோதல் இயல்பு. முதலாண்டு மாணாக்கனே அங்ஙனம் மறைபவன்.

பேரவையின் அமைப்பும் இம்மறைப்புக்குத் துணையாகின்றது. பீடாதிபதிகளும், மூதவையினாற் றெரியப்பட்டோரும், ஆணைக்குழு நியமிக்கும் வெளியுறுப்பினரும் அங்கு அமர்வர். பீடச் சபைகளில் மாணாக்கர் பிரதிநிதிகளுக்கு இடமுண்டு. உபவேந்தர்க்குரிய மூவரைத் தெரியும் பேரவையில் அவர்க்கு இடமில்லை. மாணாக்கரிடம் வாக்குரிமையை ஒப்படைத்தல் வேண்டுமென்பது இதன் கருத்தன்று. தலைவனாற் பயன்பெறுவாரும் இடருறுவாரும் அவையில் இல்லாதபோது, அவர்க்காகப் பேசுங் கடமை அவையிலுள்ளார் மேலதாகின்றது என்பதே கருத்து.

இந்நாட்டுப் பல்கலைக்கழக வரலாறு இக்குறையின் பழைமையைக் காட்டும். 1921இல் எழுந்த பல்கலைக்கழகக் கல்லூரி, இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கு மாணாக்கரை ஆயத்தஞ் செய்தது. 1941இல் அதன் அதிபராக வந்த ஐவர் ஜெனிங்ஸ், 1942 யூலை முதலாந் திகதி நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தரானார். அரசியலமைப்புச் சட்ட வல்லுநராகிய அவர், மாணாக்கர் விடுதியில் உடனுறைந்து கற்கும் பல்கலைக்கழகமொன்றைப் பேராதனையில் எழுப்ப முயன்று, 1952இல் அங்குக் குடிபுகச் செய்தார். அவர்க்குப் பின் அவ்வாசனத்தில் அமர்ந்த சேர் நிக்கலஸ் ஆட்டிகல இலங்கையருள் முதல்வர். 1966ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் தேசிய உயர்கல்விச் சபையைத் தோற்றுவித்தது. 1972ஆம் ஆண்டின் சட்டம் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் ஒன்றாக்கி, நாடு முழுமைக்கும் ஓர் உபவேந்தரையும் வளாகந்தோறும் ஒரு தலைவரையும் அமைத்தது; 1974இல் தொடங்கிய யாழ்ப்பாண வளாகத்திற்குப் பேராசிரியர் க. கைலாசபதி முதற் றலைவரானார். 1978ஆம் ஆண்டின் சட்டம் அவ்வமைப்பைக் கலைத்து, மீண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களை ஆக்கிற்று. சில பதிற்றாண்டுகளுக்குள் இத்துணை மாற்றங்கள் நிகழ்ந்தன. அதிகாரம் ஒருகால் மையத்திற் குவிந்தது, ஒருகால் பகிரப்பட்டது. ஆயினும் தலைவர் செய்தற்குரிய வினை யாதென்னும் வினா ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தொடப்படாமலே நின்றது.

கிழக்கிலங்கையில் உயர்கல்வி 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் வந்தாறுமூலையைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. போரும் இனப்பகையும் மூண்ட காலத்தில் முஸ்லிம் மாணாக்கர் ஆங்குச் சென்று கற்றல் அரிதாயிற்று. அந்நெருக்கடியின் விளைவாகவும், அமைச்சராயிருந்த எம். எச். எம். அஷ்ரஃபின் முயற்சியாலும், 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பேராசிரியர் எம். எல். ஏ. காதர் அதன் முதல் உபவேந்தர். அட்டாளைச்சேனையிற் றொடங்கிய அந்நிறுவனம், வயலுங் கடலுஞ் சூழ்ந்த ஒலுவிலில் நிலைகொண்டது. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் அமைந்தது. கலை, முகாமைத்துவம், இஸ்லாமிய கற்கைகளும் அரபு மொழியும், பொறியியல், தொழினுட்பம் எனப் பீடங்கள் பின்னர்ப் பெருகின.

இவ்வரலாற்றின் உட்பொருள் யாது? ஆராய்ச்சிக்கூடம் இல்லையே என ஏங்கியோர் எழுப்பிய பல்கலைக்கழகம் அன்று இது. முதற்பட்டம் கற்க இடமின்றித் தவித்த மாணாக்கர்க்காக எழுப்பப்பட்டது. அம்மாணாக்கரது தவிப்பே அதன் அடிக்கல். ஆதலின், வேறெந்தப் பல்கலைக்கழகம் முதற்பட்டக் கல்வியை இரண்டாமிடத்தில் வைப்பினும், ஒலுவில் அங்ஙனஞ் செய்தல் தன் பிறப்பை மறத்தலாகும். இன்றோ, ஒரு சமூகத்தாரின் இடருக்கு மாற்றாக எழுந்த அவ்விடத்தில் முஸ்லிம், தமிழ், சிங்கள மாணாக்கர் மூவகையாருங் கற்கின்றனர். இக்கரையின் பெண்மக்கள் பலர் தம் இல்லத்திலிருந்தே சென்று பட்டம் பெறும் வாய்ப்பும் அதனாற் கிட்டியது. கடன் பெருகியதேயன்றிக் குறைந்திலது.

எனினும் உபவேந்தர் தெரிவு நெருங்குந்தோறும் கரையோரத்தில் முதலாவதாக எழும் வினா வேறு. அவர் எவ்வூரார் என்பதே அது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் அடுத்தடுத்து நிற்கும் இந்நிலத்தில் ஊர்ப்பற்று இழிந்ததொன்றன்று. பள்ளிக்கூடங்களையும் நூலகங்களையும் ஆக்கியது அதுவே. ஆயினும் அப்பற்று உபவேந்தரது ஆசனத்தின் மீது படியுமிடத்துத் தீங்காகின்றது. எவ்வூரார் என்பதற்கு அடுத்த வினா, எக்கட்சியார்க்கு வேண்டியவர் என்பது. மூன்றாவது, எத்துணை ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார் என்பது. இம்மூன்றாம் வினா ஏனையிரண்டினும் உயர்ந்ததாகத் தோன்றும், உயர்ந்ததுமாம். ஆயினும் அதுவும் ஆளைத் தெளியும் வினாவே. வினையைத் தெளியும் வினாவன்று. ஆய்விற் சிறந்தவர் வகுப்பறையை வளம்படுத்தவும் கூடும், வளம்படுத்தாதொழியவுங் கூடும். அதனை அறியத் தனியே ஒரு வினா வேண்டும்.

கிழக்கில் இவ்வாசனம் எத்துணைக் கொடிய அழுத்தங்களுக்கு நடுவே கிடந்தது என்பதையும் மறத்தல் இயலாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் உபவேந்தராயிருந்த பேராசிரியர் சி. இரவீந்திரநாத் 2006 டிசம்பர் 15ஆந் திகதி கொழும்பிற் காணாமற்போனார்; அவர் மீண்டிலர். கல்விக்குத் தலைவராக அமர்ந்த ஒருவரைப் புறத்துச் சக்திகள் தம் ஆதிக்கத்திற்குரிய பொருளாகக் கருதும் நாட்டில், அப்பதவியின் வினை கல்வியே எனத் திரும்பத் திரும்பக் கூறுதல் வெறுஞ் சொல்லழகன்று. அப்பதவிக்கும் அதில் அமர்வார்க்கும் அஃதொரு காப்பு.

இனிக் காலக்கணக்கை நோக்குதல் வேண்டும். உபவேந்தரது பதவிக்காலம் மூன்றாண்டு. சிறப்புப் பட்டத்திற்கும் பொறியியற் பட்டத்திற்கும் உரிய காலம் நான்காண்டு. உபவேந்தர் பதவியேற்கும் நாளிற் பல்கலைக்கழகம் புகும் மாணாக்கன், அவ்வுபவேந்தரது தவணை முடியும் நாளில் இன்னும் இறுதியாண்டைத் தொடங்கும் நிலையிலேயே இருப்பான். வேலைநிறுத்தங்களும் தாமதங்களுஞ் சேரின் அந்நிலையையும் எய்தான். தென்கிழக்கில் 2015இல் பேராசிரியர் எம். எம். எம். நஜீமும், 2021இல் பேராசிரியர் ஏ. ரமீஸும், 2024இல் பேராசிரியர் எஸ். எம். ஜுனைதீனும் அவ்வாசனத்தை ஏற்றனர். இவர்தம் பணிகளை எடையிடுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆசனம் கைமாறும் விரைவைக் காட்டுதலே நோக்கம். மூன்றாண்டுக்குள் ஒரு கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டித் திறப்புவிழாவும் நடத்தலாம். மூன்றாண்டுக்குள் ஒரு மாணாக்கனைப் புகுமுகத்திலிருந்து பட்டமளிப்பு வரை கொண்டு செலுத்தல் அரிது. ஆதலின் எவ்வகை உபவேந்தரும், தாம் விரும்பாவிடினும், கட்டடத்தின் பக்கம் ஈர்க்கப்படுவர். கட்டடம் அவர் பெயரைக் கல்வெட்டிற் றாங்கும். மாணாக்கனது பட்டமோ அடுத்தவர் காலத்துக் கணக்கிற் சேரும். குறை ஆளினது அன்று, அளவுகோலினது.

பல்கலைக்கழகமும் உபவேந்தரும் இல்லாத காலத்து இக்கரை என் செய்தது என நோக்குதலும் பயன்றரும். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், துறவு பூணுமுன் 1916இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாகப் பெற்றார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராயினார். வெளிவாரி மாணாக்கனுக்கு விரிவுரை மண்டபம் இல்லை. உடன் கற்கும் கூட்டம் இல்லை. ஐயம் அகற்றும் ஆசிரியர் அரியர். ஆயினும் ஒன்று உண்டு. பாடத்திட்டம் முன்னரே அறியப்பட்டது; பரீட்சைக்குரிய காலமும் அறியப்பட்டது. தன் காலத்தைத் தானே ஆண்டுகொள்ளும் உறுதி அவனுக்கு அதனாற் கிட்டிற்று. இன்று ஒலுவிலில் மண்டபங்களும் நூலகமும் விடுதிகளும் உள. இத்தனைக்கும் நடுவே, தன் பரீட்சை எப்பொழுது, பெறுபேறு எப்பொழுது, பட்டம் எப்பொழுது என ஒரு மாணாக்கன் அறியாது நிற்பானாயின், அவன் வெளிவாரி மாணாக்கனிலும் ஒருவகையில் வறியனே.

ஏ. எம். ஏ. அஸீஸ் என்னும் பெரியாரது வரலாறும் இங்கு நினையத்தகும். வண்ணார்பண்ணை வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலுங் கற்ற அவர், 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். உணவு உற்பத்தியைப் பெருக்குதலே அவர்க்கிடப்பட்ட பணி. வயலைக் காண வந்தவர் வயலில் நின்ற பிள்ளைகளையுங் கண்டார். விபுலாநந்தரோடு அளவளாவினார், கல்முனையிற் கல்விச் சங்கம் அமைத்தார், 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தோற்றுவித்து, வறிய மாணாக்கர் பல்கலைக்கழகம் புக வழிசெய்தார். பின்னர் 1948 முதல் 1961 வரை கொழும்பு சாஹிராக் கல்லூரியின் அதிபராயிருந்தார். அவரது பதவிப் பத்திரத்திற் கல்வியென்னுஞ் சொல் இருந்ததன்று. வினை எதுவென்பதை அவர் தாமே தெரிந்துகொண்டார். அத்தகையார் அருகியே தோன்றுவர். அருகித் தோன்றுவாரை நம்பி ஒரு முறைமையை அமைத்தல் ஆகாது. முறைமை, இடைத்தரத்தாரையும் நல்வினைக்கண் நிறுத்துவதாதல் வேண்டும்.

அவ்வினையின் உறுப்புகள் யாவை? முதலாவது மொழி. பொறியியல், பிரயோக விஞ்ஞானம், தொழினுட்பம், முகாமைத்துவம் என்பன ஆங்கிலத்திற் கற்பிக்கப்படுகின்றன. அவற்றைக் கற்க வருவோர் பதின்மூன்று ஆண்டு தமிழிலோ சிங்களத்திலோ படித்தோர். அம்பாறை மாவட்டம் கல்வியிற் பின்தங்கியனவாக வகுக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. பெரும்பாலான பாடநெறிகளில் நூற்றுக்கு ஐந்து இடங்கள் அத்தகைய மாவட்டங்களுக்கென ஒதுக்கப்படுவதும் அதனாலேயே. வாயிலிற் சலுகை காட்டிப் புகவிட்டபின், உள்ளே முதலாண்டில் மொழியின் சுமையாற் றடுமாற விடுதல் முறையன்று. உயர்தரத்திற் பௌதிகவியலைத் தமிழில் நன்கு விளக்கவல்ல பிள்ளை, ஆங்கில விரிவுரையின் முன் வாய் திறவாது அமர்ந்திருத்தல் அறிவுக் குறையன்று. அவ்வமைதியை உடைத்தல் ஆங்கில அலகொன்றின் விரிவுரையாளர் ஒருவரால் மட்டும் ஆவதன்று. எல்லாத் துறைகளையும் ஒருசேர இயக்கவல்ல தலைவராலேயே ஆவது.

இரண்டாவது காலம். 2012இல் விரிவுரையாளர் வேலைநிறுத்தம் மூன்று திங்களுக்கு மேல் நீண்டது. 2020இல் பெருந்தொற்று வகுப்பறைகளை அடைத்தது. 2024இல் கல்விசாரா ஊழியரின் வேலைநிறுத்தம் இரண்டு திங்களுக்கு மேல் நீடித்தது. இவற்றுக்கு ஒருவரை மட்டும் பொறுப்பாக்கல் நீதியன்று. ஊழியர்க்கும் நியாயமான குறைகள் உள. ஆயினும் இழந்த காலத்தை மீட்குந் திட்டம் யாரிடம் உள்ளது என்னும் வினா நீதியானது. உயர்தரப் பரீட்சை எழுதியபின் ஓராண்டுக்கு மேற் காத்திருந்து பல்கலைக்கழகம் புகுவோர்க்கு, உள்ளேயும் ஓராண்டு கழியின், இருபத்திரண்டில் முடியவேண்டிய கல்வி இருபத்தைந்தில் முடியும். மீனவர் இல்லத்திலும் நெசவாளர் இல்லத்திலும் அம்மூன்றாண்டு சிறிதன்று. ஒரு தங்கையின் கல்வி, ஒரு தந்தையின் கடன், ஒரு குடும்பத்தின் பொறுமை யாவும் அதனுள் அடங்கும்.

மூன்றாவது ஆசிரியர். முதலாண்டு வகுப்பே பெரியது, அதுவே அடித்தளம். எங்கு மூத்தோர் மேல்வகுப்புகளையும் ஆய்வையும் தமக்கு வைத்துக்கொண்டு, முதலாண்டைத் தற்காலிக விரிவுரையாளர்பால் விடுகின்றனரோ, அங்குக் கட்டடம் மேலிருந்து கீழாக எழுப்பப்படுகின்றது. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை பேரெடை பெறுமிடத்து, கற்பித்தலிற் காலஞ் செலவிடுவோர் தமக்கே நட்டந் தேடுவோராவர். நன்னூலார் நல்லாசிரியனுக்கு உவமை கூறுங்கால் நிலத்தையும் மலையையும் கூறியதோடு நிறைகோலையும் மலரையும் உடன் கூறினார். நிறைகோலை உவமையாகப் பெற்ற தொழிலை எடையிடும் நிறைகோலே சாய்ந்திருப்பின், எவரை நோவது? நான்காவது அச்சமின்மை. பகிடிவதையைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் உளது. சட்டத்தை ஏவுதல் ஒழுக்கத்தின் கடைப்பகுதி. முதலாண்டு மாணாக்கன் முறையிட அஞ்சாத நிலையை ஆக்குதலே அதன் முற்பகுதி.

வெளிநாட்டார் இதனை யாங்ஙனம் நோக்கினர் என அறிதல் பயனுடைத்து. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம் ஆராய்ச்சியாற் பெயர்பெற்றது. அங்கேயே 1969இல் மார்கரற் மக்விக்கர் என்னும் பெண்மணி, முதற்பட்ட மாணாக்கர் பேராசிரியரோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தற்குரிய திட்டமொன்றைத் தொடக்கினார். 1985இல் முதற்பட்டக் கல்விக்கெனத் தனியாக ஒரு பீடாதிபதிப் பதவியில் அந்நிறுவனம் அவரையே அமர்த்திற்று. பதவி முன்னும் வினை பின்னுமாக நிகழ்ந்ததன்று இது. பதினாறு ஆண்டு வினையாற்றிக் காட்டியவரைத் தேடிப் பதவி வந்தது. 1998இல் அந்நாட்டின் பொயர் ஆணைக்குழு, ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் முதற்பட்ட மாணாக்கரைப் புறக்கணிக்கின்றன எனக் குறைகூறி அறிக்கை வெளியிட்டது. செல்வமும் புகழும் மிக்க இடங்களிலும் முதற்பட்ட மாணாக்கன் மறக்கப்படுவான் என்பதும், அவனை நினைவிற்கொள்ளத் தனிப்பொறுப்பு வேண்டப்படும் என்பதும் இவற்றாற் பெறப்படும்.

அண்டைநாடாகிய தமிழகத்தின் நிகழ்ச்சி மறுதலையான பாடத்தைத் தருகின்றது. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றும் சட்டமுன்வரைவுகளைத் தமிழகச் சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றியது. ஆளுநர் இசைவு தராது நிறுத்திவைத்தமையின் வழக்கெழுந்தது. 2025 ஏப்ரல் 8ஆந் திகதி இந்திய உச்சநீதிமன்றம், நிறுத்திவைக்கப்பட்ட பத்து முன்வரைவுகள் இசைவு பெற்றனவாகக் கொள்ளப்படும் எனத் தீர்ப்பளித்தது. அடுத்த திங்களிலேயே சென்னை உயர்நீதிமன்றம் அந்நியமன அதிகாரம் பற்றிய திருத்தங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. மாநில உரிமை பெரிது. அதன்பொருட்டு வழக்காடுதலுந் தகும். ஆயினும் நியமிப்பவர் யார் என்னும் போராட்டம் நீளுமளவும் பல்கலைக்கழகங்கள் தலைவரின்றிக் கிடப்பின், அதன் விலையைக் கொடுப்பவன் மாணாக்கனே. கையொப்பம் யாருடையது என்பதைப் பற்றி எழுந்த ஆரவாரத்தில் நூற்றிலொரு பங்காவது, கையொப்பம் எதற்காக என்பதைப் பற்றி எழுந்ததில்லை.

இவற்றுக்கு மறுப்புகள் கூறப்படும். உபவேந்தர் நிதி தேடாவிடிற் பல்கலைக்கழகம் வளராது என்பது முதலாவது. உண்மையே. ஒலுவில் மணலில் மண்டபங்கள் எழுந்தது நிதி தேடியோராலேயே. அவர்பால் இக்கரை நன்றியுடையது. ஆயினும் ஆக்குங் காலத்துக்குரிய வினையும் காக்குங் காலத்துக்குரிய வினையும் வேறு. முப்பதாண்டு நிறைந்த ஒரு நிறுவனம், அமைத்தோரது அளவுகோலையே என்றும் ஏந்தி நிற்றல் தகாது. முதற்பட்டக் கல்வி பீடாதிபதிகளின் வேலை, உபவேந்தரது வேலையன்று என்பது இரண்டாவது மறுப்பு. பீடாதிபதி தம் பீடத்தை ஆள்வர். மொழி, நாட்காட்டி, நூலகம், விடுதி, பதவி உயர்வு ஆகியன பீட எல்லை கடந்தவை. எல்லை கடந்தவற்றுக்கு எல்லாப் பீடத்துக்கும் பொதுவானவரே பொறுப்பாளி. கற்பித்தலின் தரத்தை அளக்க இயலாது என்பது மூன்றாவது. முழுவதும் அளக்க இயலாதுதான். ஆயினும் புகுந்தோருள் எத்தனைபேர் உரிய ஆண்டிற் பட்டம் பெற்றனர், பரீட்சை முடிந்து எத்தனை நாளிற் பெறுபேறு வந்தது, முதலாண்டில் எத்தனைபேர் இடைநின்றனர், முதலாண்டு வகுப்புகளுள் எத்தனையை மூத்தோர் நடத்தினர் என்பன எண்ணத்தக்கவை. எண்ணத்தக்கதை எண்ணாது விடுதல், அளக்க இயலாமையைக் காட்டித் தப்புதலேயாகும்.

ஆகவே செய்யத்தக்கன சில உள. அவற்றுக்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. பேரவையின் துணிவே போதும். உபவேந்தராக விண்ணப்பிப்போர் பேரவையின்முன் தம் திட்டத்தை எடுத்துரைக்கும்போது, முதற்பட்டக் கல்விக்கு அவர் இதுகாறுஞ் செய்தது யாது, இனிச் செய்யக் கருதியது யாது எனத் தனியே வினவி, அவ்விடையைப் பதிவு செய்தல் வேண்டும். மேற்கூறிய நான்கு எண்களையும் ஆண்டுதோறும் மும்மொழியிலும் வெளியிடல் வேண்டும். பதவி நீங்கும் உபவேந்தர், தம் காலத்திற் புகுந்து இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் மாணாக்கரது நிலையை எழுத்தில் வரைந்து அடுத்தவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். மூன்றாண்டுத் தவணைக்கும் நான்காண்டுக் கல்விக்கும் இடையிலுள்ள பிளவை மூடும் பாலம் அதுவே. முதலாண்டு மாணாக்கர்க்கென மூத்த பேராசிரியர் ஒருவரைப் பொறுப்பாளராக்கி, அவரை உபவேந்தர்க்கு நேரே விடையிறுக்கச் செய்தல் வேண்டும். புதுப் பெயரும் புது அறையும் புது வாகனமும் கொண்ட பதவியொன்றை ஆக்குதல் இதன் கருத்தன்று. பொறுப்பை ஒரு பெயரோடு பிணித்தலே கருத்து.

கரையோரத்துப் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் இதிற் பங்குண்டு. உபவேந்தர் நியமனம் பற்றிய செய்தி வருங்கால், எவ்வூரார் என வினவுவதை விடுத்து, ஒலுவிலில் இவ்வாண்டு புகுந்தவர் எவ்வாண்டு வெளியேறுவர் என வினவப் பழகுதல் வேண்டும். ஊர் வினவும் வினாவுக்கே அவை செவிசாய்க்கும். ஊர்ப்பெருமைக்குரிய விடை தேடும் ஊர் ஊர்ப்பெருமையைப் பெறும். கல்விக்குரிய விடை தேடும் ஊர் கல்வியைப் பெறும். தெரிந்து தெளிதலோடு நின்றுவிடாது தெரிந்து வினையாடலையுங் கைக்கொள்ளும் நாளில், உபவேந்தரது ஆசனத்தில் எவர் அமரினும் முதலாண்டு மாணாக்கன் மறக்கப்படான்.